ஒரு வாளி உவர்த்தண்ணீர்

லொறியும் ரயிலும் சேர்ந்து ஓடிய அந்தப் பொதிச் சேவை ஐந்து மாதமும் சில நாட்களும்தான் இருந்தது. இன்றைக்கு ஊர்காவற்றுறைத் துறையடியில் நின்று விசாரித்தால் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவிராது. மற்றப் பாதிப் பேர், "ஓம், அந்த நீல லொறி" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. அந்த ஐந்து மாதத்துக்குள் நான் செய்த ஒரு காரியம் இன்னும் முடியாமல் கிடக்கிறது. அது எனக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரியும்.

எழுதத் தொடங்கும்போதே கை கூசுகிறது. யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். எங்கள் துறையிலிருந்து படகில் போகிற தீவுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. அதில் எந்தத் தீவு என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த நாள் காலைப் படகிலேயே யார் யாரென்று பிரித்துவிடுவார்கள். அவ்வளவு சின்ன இடம்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது என்னோடு படித்தவர்கள் இரண்டு வகுப்பு மேலே போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் இருக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். எழுத வாசிக்க வரும், கையெழுத்தும் பழுதில்லை. ஆனால் பயப்படுவதைப் போல வேறெதுவும் எனக்கு அவ்வளவு சரியாக வராது. கதவைப் பூட்டினால் மூன்றுதரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ் பாதி வழி போனபிறகு அடுப்பை அணைத்தேனா என்று நெஞ்சு அடிக்கும். இறங்கித் திரும்பி நடந்த நாட்களும் உண்டு.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் கொஞ்சம் தணிந்தபோதுதான் அந்தச் சேவை தொடங்கியது. கொழும்புக்கு ஓடுகிற பெரிய லொறிகள் குறைந்துபோயிருந்தன. ஓடியவையும் தீவுப் பக்கம் வளைந்து வர மறுத்தன. அப்போது வேலணைப் பக்கத்து அண்ணை ஒருவர் தன்னுடைய சின்ன நீல லொறியைத் துறையடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய யோசனை லேசானது. தீவில் வாசல் வாசலாகப் போய்ச் சாமானை ஏற்றுவது, யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ரயிலின் பொதிப் பெட்டியில் போடுவது, கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் அவருக்குத் தம்பி முறையான ஒருவர் வாகனத்தோடு நின்று எடுத்து, உரியவரின் வாசலில் இறக்குவது. முழுப் பயணத்துக்கும் ஒரே ஒரு துண்டு, அதாவது பற்றுச்சீட்டு.

அந்த ஒற்றைத் துண்டில்தான் அவருக்குப் பெருமை முழுதும்.

"லொறிக்காரன் ரெயினைச் சாட்டுவான். ரெயின்காரன் லொறியைச் சாட்டுவான். சாமான் பழுதாப் போனா சனம் ஆரைப் போய்க் கேக்கிறது? எங்களிட்டை அந்தக் கதை இல்லை. இந்த வாசலிலையிருந்து அந்த வாசல் மட்டும் நாங்கள்தான் பொறுப்பு" என்று சாமான் கொடுக்க வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லுவார்.

துறையடியில் ஒரு பழைய கடை அறையை எடுத்து என்னை இருத்தினார். சாமானை வாங்குவது, துண்டு எழுதுவது, சாக்கின் வாயைத் தைப்பது, லொறியில் கூடப் போய் ஸ்ரேசனில் ஒப்படைப்பது. அதுதான் என் வேலை. பயந்த ஆள் என்று அவருக்கு முதலே தெரியும்.

"அதுதான் உம்மை எடுத்தனான் ஐசே. பயமில்லாதவன் சாமானைத் துலைச்சுப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு வருவான்" என்றார்.

என் பயத்தை ஒருவர் தகுதியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவருக்கு ஒரு குறையும் வரவிடக்கூடாது என்று நினைத்தேன். நடந்த பிழையெல்லாம் அந்த நினைப்பிலிருந்துதான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. அல்லது இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சாட்டாக இருக்கலாம்.

நாரந்தனையிலிருந்து, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் பனங்கட்டியும் வரும். அல்லைப்பிட்டியிலிருந்து கருவாடு. படகுத் தீவுகளிலிருந்து முருங்கைக்காய், கொழும்பில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தாய்மார் அனுப்புகிற மிளகாய்த்தூள், ஊறுகாய்ப் போத்தல். கருவாட்டை இரண்டு சாக்குக்குள் போட்டுத் தைப்பேன். ஏனென்றால் ஸ்ரேசனில் பொதிகளைப் பொறுப்பெடுக்கிறவருக்கு மூக்குக் கூர்மை. ஒவ்வொரு பொதிக்கும் குனிந்து மணந்து பார்ப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். எரிகிற சாமான் எதுவும் ரயிலில் ஏறக்கூடாது என்பது விதி, அதை அவர் மூக்கால் காத்தார்.

இரண்டாவது கிழமை ஒரு வீட்டார் அனுப்பிய மண்ணெண்ணெய் அடுப்பை நான் கவனிக்காமல் மற்றச் சாமான்களுக்குள் வைத்துவிட்டேன். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை, மணம் மட்டும் இருந்தது. அவர் எல்லாவற்றையும் இறக்கி ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். காட்டி முடிய ரயில் போய்விட்டது. ஒரு லொறி முருங்கைக்காயோடு திரும்பி வந்தோம். தீவுக்குத் திரும்பும் பண்ணைப் பாலம் முழுக்க அண்ணை றோட்டையே பார்த்து ஓட்டினார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதன் பிறகு மண்ணெண்ணெய் மணம் பட்டாலே எந்தச் சாக்கென்று தேடிப் பிரித்துவிடுவேன்.

அந்த நிலையில்தான் எஞ்சின் வந்தது.

மூன்றாம் மாதம், ஒரு நாள் காலைப் படகில், படகுத் தீவுக் கடற்தொழிலாளி ஒருவர் தன் வள்ளத்தின் எஞ்சினைச் சாக்கால் சுற்றி, இன்னொருவரின் உதவியோடு தூக்கிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடுகிற, வள்ளத்தின் பின்னுக்குப் பூட்டுகிற எஞ்சின்.

"அண்ணை, இது கொழும்பிலை திருத்திற இடத்துக்குப் போகவேணும். விலாசம் இந்தா. ஸ்ராட் வருது, கொஞ்சத் தூரம் ஓடினா நிண்டுபோகுது. சின்ன வேலைதானாம், சாமான்தான் இஞ்சை இல்லையாம்."

"எண்ணெய் எல்லாம் வடிச்சாச்சோ?" என்று முதல் கேள்வியாகக் கேட்டேன்.

"வடிச்சாச்சு, வடிச்சாச்சு. நான் காய்ச்சலிலை கிடக்கேக்கை மச்சான்தான் ரெண்டு கிழமை இதைக் கொண்டு ஓடினவன். அவன் திருப்பித் தந்தாப் பிறகுதான் இந்தக் குணம். என்ன செய்தானோ, கேட்டா ஒண்டுமில்லை எண்டுறான்." மச்சான் என்று அவர் சொன்னது தன் மனைவியின் தம்பியை. பகிடியாகத்தான் சொன்னார். "கவனம் அண்ணை. இது இல்லாட்டி நான் கரையிலை குந்தியிருந்து காகம் எண்ணவேண்டியதுதான்."

துண்டை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, திரும்புகிற படகுக்கு ஓடிப்போனார்.

லொறி அடுத்த நாள் பின்னேரம்தான். நான் சாக்கை விரித்து மணந்து பார்த்தேன். வடித்திருந்தார்தான், ஆனாலும் மணம் குப்பென்று அடித்தது. மண்ணெண்ணெயை வருடக்கணக்காகக் குடித்த இரும்பு வேறு எப்படி மணக்கும்? இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூக்கும், முருங்கைக்காயோடு திரும்பி வந்த லொறியும்தான்.

அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால், "ரெயினிலை ஏத்தமாட்டினமோ" என்று அவர் கலங்கிவிடுவார் என்று யோசித்தேன். அண்ணையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், இந்த ஆளுக்கு ஒரு எஞ்சினைக் கூடத் தனியாகப் பார்க்கத் தெரியாது என்று நினைப்பார். ஆகவே யாரிடமும் கேட்கவில்லை. மண்ணெண்ணெய்க் கானை எப்படிக் கழுவுவோமோ அப்படிக் கழுவினேன்.

முச்சக்கரவண்டிக்காரரிடம் பிளக் கழற்றுகிற சாவியை இரவல் வாங்கி அதைக் கழற்றினேன். சவர்க்காரத்தூள் கரைத்த தண்ணீரை பிளக் இருந்த ஓட்டையாலும், காற்று இழுக்கிற வாயாலும் ஊற்றினேன். கயிற்றை இழுத்து இழுத்து, நுரை வெளியே வரும்வரை சுற்றினேன். பிறகு சவர்க்காரம் போக இன்னும் ஊற்றினேன். கவிழ்த்து வடித்து, பழைய சாரத்துணியால் துடைத்து, வெய்யிலில் வைத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டினேன். மணந்து பார்த்தேன். எலுமிச்சம்பழ மணம். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். கடை அறையில் இரண்டு கான் நல்ல தண்ணீர் இருந்தது, பவுசர் வண்டியில் வந்து நாங்கள் குடிக்கப் பிடித்து வைத்தது. அதை ஒரு எஞ்சினுக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. பின்னால் இருந்த கிணற்றில் அள்ளினேன். துறையடிக் கிணறுகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கால் கழுவினாலே காய்ந்தபிறகு வெள்ளையாகப் பூக்கும். அப்படிப்பட்ட உவர்.

அடுத்த நாள் ஸ்ரேசனில் அந்த மூக்கு குனிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன ஐசே, எஞ்சினைக் குளிப்பாட்டினனீரோ?"

"குளிப்பாட்டிப் பவுடரும் போட்டிருப்பார்" என்றார் அண்ணை.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எஞ்சின் ரயிலில் ஏறியது. நடந்த உண்மை அந்த இடத்திலேயே, இரண்டு பேரின் வாயாலும், உரத்துச் சொல்லப்பட்டது. சொன்னவர்களுக்கு அது உண்மையென்று தெரியவில்லை. அதனால் எஞ்சின் பழுதாகும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

கொழும்பில் திருத்துகிற இடத்தில் வேலை நிரம்பியிருந்தது. எஞ்சின் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு மூலையில் கிடந்தது. பிறகு ஒரு நாள் காலை அந்தத் தொழிலாளியும் மனைவியும் படகால் இறங்கி நேரே என் கடை அறைக்கு வந்தார்கள். அவர் தன் போனை என் மேசையில் வைத்தார். திறந்து போட்ட எஞ்சினின் படம். உள்ளே துரு. துருவுக்கு மேலே வெள்ளை.

"பாருங்கோ அண்ணை. உப்புப் பூத்துக் கிடக்கு. கடலுக்கை விழுந்த எஞ்சினாம். உள்ளுக்கை எல்லாம் இறுகிப்போச்சாம், இனித் திருத்தேலாதாம். மச்சான்தான். கடலுக்கை போட்டிட்டு, தூக்கித் துடைச்சுப்போட்டு, வாய் திறக்காமல் கொண்டந்து வைச்சிருக்கிறான்."

"என்ர தம்பி அப்பிடிச் செய்யான்" என்றார் மனைவி. வழி முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கவேண்டும், குரல் கரகரத்திருந்தது. "போட்டிருந்தா வந்து சொல்லியிருப்பான். அவனுக்குப் பொய் வராது."

"பின்னை உப்பு எங்காலை வந்தது? ரெயினுக்கை கடல் இருக்கோ?"

மனைவி என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்களிட்டைத் தரேக்கை அதுக்குள்ளை தண்ணி கிண்ணி ஏதும் கண்டனீங்களோ? இல்லாட்டி வழியிலை எங்கையும் நனைஞ்சதோ?"

அந்தக் கிணறு நான் இருந்த கதிரையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. வாளியும் அதே வாளி. சவர்க்காரத்தூள் பைக்கற்றின் மீதி ஜன்னலில் இருந்தது. வெள்ளையைப் பார்த்த உடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வசனம் போதும். ஆனால் மேசையில் துண்டுப் புத்தகம் இருந்தது. இந்த வாசலிலிருந்து அந்த வாசல் மட்டும் நாங்கள்தான் பொறுப்பு. சொன்னால் அண்ணையின் பெயர் போகும், சேவை போகும், பயந்த ஆள் என்று நம்பி இருத்திய என்னால் போகும்.

"இல்லைத் தங்கச்சி" என்றேன். "காய்ஞ்சுதான் கிடந்தது. வழியிலையும் ஒண்டும் நனையேல்லை."

"கேட்டியே?" என்றார் கணவர்.

அந்த மனைவியின் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்னது நான்தான். நான் சொல்லாதிருந்தால் அவர்களுக்குள் ஒரு சந்தேகமாவது மிஞ்சியிருக்கும்.

ஒரு மாதம் கழித்துப் பாதை திருத்த வேலை என்று ரயிலை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் தொடங்கும் என்று அண்ணை பொறுத்துப் பார்த்தார். அதற்குள் டீசலும் கிடைக்க, பெரிய லொறிகள் திரும்பி ஓடத் தொடங்கின. அவர் நீல லொறியில் மரக்கறி ஏற்றப் போனார். நான் காப்பாற்ற நினைத்த சேவை இப்படித்தான் முடிந்தது. அதன் பெயரில் கடைசிவரை ஒரு கறையும் இல்லை.

நான் துறையடியிலேயே நின்றுகொண்டேன். படகில் போகிறவர்கள் விட்டுப்போகிற சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் பார்த்துக்கொள்கிற வேலை. ஒவ்வொரு நாளும் அந்தத் தீவுப் படகு என் முன்னால்தான் வந்து கட்டுகிறது. செய்தி தேடிப் போகத் தேவையில்லை, அதுவாகவே படியேறி வரும். எஞ்சினைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாராம். வேறொருவரின் வள்ளத்தில் ஆளாகப் போகிறாராம். மச்சானும் அவரும் கோயிலடியில் சண்டையாம், கை நீட்டப் பார்த்தார்களாம், சனம் பிடித்துவிட்டதாம். இரண்டு வீடும் நன்மை தின்மைக்குப் போவதில்லையாம். ஒவ்வொரு செய்திக்கும் நான், "அப்பிடியே?" என்று கேட்பேன்.

சொல்லவேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கடினமாகியது. முதல் கிழமை சொல்லியிருந்தால் பிழை ஒன்று. இப்போது பிழையும் பொய்யும், அதற்கு மேல் இத்தனை மாத மௌனமும். இப்படி இரண்டு வருடம் போனது.

ஒரு நாள் அந்த மனைவி சாமான் வாங்க யாழ்ப்பாணம் போகிற வழியில் என்னிடம் குடையை வைத்துவிட்டுப் போக வந்தார்.

"மகள் பெரியபிள்ளையாகிட்டாள் அண்ணை. வாற புதன் சாமத்தியச் சடங்கு. வாங்கோ கட்டாயம்" என்றார். சந்தோசமாகச் சொல்லத் தொடங்கி அப்படியே நின்றார். "தாய்மாமன் இல்லாமல் நடக்கப்போகுது. தேங்காய் உடைக்க வேற ஆரையோ பிடிக்கினம். அவர் தம்பியைக் கூப்பிடவேண்டாம் எண்டு நிக்கிறார். பிள்ளை அழுகுது, 'மாமாதான் தண்ணி வாக்கவேணும்' எண்டு. ஒரே ஒரு மாமன் அண்ணை."

அவர் போனபிறகு குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியபிள்ளையான பெண்ணுக்கு முதல் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்கிறவர் தாய்மாமன். அது இன்னொருவர் செய்துவிட்டால் திரும்பச் செய்ய முடியாத காரியம். அடுத்த புதன் என்றால் எட்டு நாள். எட்டு நாளும் ஒவ்வொரு காலைப் படகையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்குப் போவேன் என்று நினைப்பேன். படகு போனதும் மூச்சு வரும். மூச்சு வந்ததற்காக வெட்கம் வரும். புதன் காலை, வேறு நாள் இல்லை என்றபிறகுதான் ஏறினேன். படகில் சொல்லவேண்டிய வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். முதலில் அவரைத் தனியாகக் கூப்பிடவேண்டும், பிறகு வாளியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தீவு இறங்குதுறையில் கால் வைத்தபோது முன்னால் நின்றது அந்த மச்சான். புது வேட்டி, நெற்றியில் விபூதி, தோளில் ஒரு கதலி வாழைக்குலை. முகம் நிறையச் சிரிப்பு.

"அண்ணை! நீங்களும் சடங்குக்கே? வாங்கோ, வாங்கோ. இதிலை ஒரு பக்கம் பிடியுங்கோ, தோள் போகுது."

கூப்பிடவேண்டாம் என்று நின்ற சடங்குக்கு அவர் எப்படிப் போகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. நான் அடுக்கி வைத்த வசனங்கள் எல்லாம் குலைந்தன. வாழைக்குலையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே, அந்த இடத்தில், அவரிடமே சொல்லிவிட்டேன். மணம், சவர்க்காரத்தூள், கிணறு, வாளி. அவருடைய அக்கா கேட்டபோது நான் சொன்ன பொய்.

அவர் குலையை மெதுவாக மதிலில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் அண்ணை" என்றார். "கோயிலடியிலை ஊருக்கு முன்னாலை நிண்டு இல்லை இல்லை எண்டு கத்தினனான். நானே ஒரு கட்டத்திலை யோசிச்சனான், நித்திரையிலை போட்டிட்டனோ எண்டு. நீங்கள் அங்கை குந்தியிருந்து சைக்கிள் எண்ணிக்கொண்டிருந்தனீங்களோ?"

"இண்டைக்குச் சொல்லத்தான் வந்தனான். இப்பவே அவரிட்டைப் போய்..."

"விசரே உங்களுக்கு!" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றாக வலித்தது. "கேளுங்கோ. போன வெள்ளி நான் அத்தானிட்டைப் போனனான். ஓம் அத்தான், நான்தான் கடலுக்கை போட்டனான், பயத்திலை சொல்லேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் அப்பிடி? நீங்கள் போடேல்லையே!"

"பின்னை என்ன செய்யச் சொல்லுறியள்? பிள்ளைக்கு வேற ஆரும் தண்ணி வாக்கிறதோ? அந்த மனிசன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதது அண்ணை. 'எஞ்சின் போகட்டும்டா, உண்மையைச் சொன்னியே, அது காணும்' எண்டு. இப்ப நீங்கள் போய் வாளிக் கதை சொன்னா, நான் சொன்னது பொய். அவர் அழுதது, மன்னிச்சது எல்லாம் பகிடி. ஊர் சிரிக்கும். ஏலாது. இண்டைக்கு மட்டுமில்லை, ஒருநாளும் சொல்லப்படாது."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"குலையைப் பிடியுங்கோ" என்றார்.

பந்தலுக்குள் போனோம். எஞ்சினின் சொந்தக்காரர், அந்த அத்தான், வாசலிலேயே நின்றார். மச்சானைக் கண்டதும் உரத்த குரலில், "டேய், தேங்காயையும் கொண்டுபோய்க் கடலுக்கை விட்டிடாதை!" என்றார்.

பந்தல் முழுதும் சிரித்தது.

"விட்டாலும் இந்தமுறை உடனை வந்து சொல்லுவன் அத்தான்!" என்றார் மச்சான். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தப் பகிடியை அவர்கள் வெள்ளிக்கிழமையிலிருந்து பலதரம் சொல்லியிருக்கவேண்டும், அவ்வளவு பழகிப்போயிருந்தது.

கிணற்றடியில் பிள்ளையைப் பலகையில் இருத்தினார்கள். அந்தத் தீவிலும் கிணறு உவர்தான். ஆனால் பிள்ளையின் தலைக்கு வார்க்க மட்டும் நல்ல தண்ணீர் எடுத்து இரண்டு குடத்தில் வைத்திருந்தார்கள். மாமன் தேங்காயை ஒரே அடியில் உடைத்தார். பிறகு குடத்தைத் தூக்கினார். பிள்ளை தலையைக் குனிந்தபடியே சிரித்தது. நான் அந்தக் குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கடை அறையில் இருந்த இரண்டு கானும் கண்ணில் வந்தன.

சாப்பாட்டுப் பந்தியில் அந்த மனைவி எனக்குப் பாயாசம் வார்த்தார். வார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"பாத்தியளே அண்ணை" என்றார் மெதுவாக. "உங்கட மேசையடியிலை நிண்டு நான் எப்பிடிச் சொன்னனான், என்ர தம்பிக்குப் பொய் வராது எண்டு. ஊரே அவனைக் கள்ளன் எண்டேக்கை நான் ஒருத்திதான் இல்லையெண்டு நிண்டனான். கடைசியிலை அவன்தான். எனக்குக் கூடச் சொல்லேல்லை. அவர் மன்னிச்சிட்டார். எனக்குத்தான் இன்னும் மனம் ஆறேல்லை."

எனக்கு வாய் திறந்தது. அதை நன்றாக உணர்ந்தேன். ஒரே ஒரு ஆள் நம்பினார், அந்த ஒரு ஆளின் நம்பிக்கையும் என்னால் போய்விட்டது. இதைவிட எஞ்சின் ஒரு பொருட்டா? பந்தலின் மறுபக்கத்தில் வாழையிலை போட்டுக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. வெறுமனே பார்த்தார்.

"பாயாசம் நல்லா இருக்குத் தங்கச்சி" என்றேன்.

படகுக்கு நேரமாகிறது என்று எழும்பியபோது அத்தான் வந்து தோளில் கை போட்டார். "ரெயின் இப்ப ஓடுதாமே? உங்கட லொறிக்காரர் திரும்பத் தொடங்கமாட்டாரோ? தொடங்கினா நான் இப்ப வாங்கின எஞ்சினையும் பழுது வந்தா உங்களிட்டைத்தான் தருவன். பிழை எங்கட வீட்டிலை நடந்தது. நீங்கள் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேத்தனீங்கள்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

இறங்குதுறைக்கு மச்சான் கூட வந்தார். அக்காவுக்காவது சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் அதை யோசிக்காமல் இருந்திருக்கமாட்டார். சொன்னால் அக்கா கணவரிடம் சொல்லாமல் இருப்பாரா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

படகில் ஏறி இருந்தபிறகு, கரையில் நின்றபடி ஒரு பலகாரப் பெட்டியை நீட்டினார். நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. வாங்க நான் கையை நீட்டியபோது, பெட்டியை விடாமல் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இதைக் கழுவிப்போடாதையுங்கோ" என்றார்.

பிறகு சிரித்தார். இறங்குதுறையில் வாழைக்குலையோடு சிரித்த அதே சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்தது. படகு விலகியது. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த மனிசி, "என்ன பகிடி அண்ணை? சொல்லுங்கோவன், நாங்களும் சிரிக்க" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி" என்றேன்.